இலையா, காத்திருப்பா? சிறுநீர்த் தொற்றில் ஒரு தாவர மருந்து: நிகழ்வு ஆய்வு

ஆன்டிபயாடிக்குக்குப் பதிலாகச் செடிகொடிகளில் உள்ள பொருட்களைப் பயன்படுத்த முடியுமா என்று கேட்டால், பெரும்பாலும் காட்டப்படுவது ஆய்வகத் தட்டின் படம்தான். சாறு ஊற்றிய இடத்தைச் சுற்றி பாக்டீரியா வளராத வெற்று வட்டம் ஒன்று தெரியும். அந்த வட்டம் உண்மையானது. நூற்றுக்கணக்கான செடிகளின் சாற்றுக்கு அப்படி ஒரு வட்டம் உண்டு. பிறகு அந்தச் செடி மருந்தாகிக் கடைக்கு வந்ததா என்று தேடினால் சத்தமே இருக்காது.

அதனால் இங்கே தட்டுகளை ஒதுக்கிவைத்துவிட்டு, நோயாளிகளிடம் நேருக்கு நேர் ஆன்டிபயாடிக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்ட ஒரு தாவர மருந்தை எடுத்துக்கொள்கிறேன். மருந்து, ஊவா உர்சி என்ற குறுஞ்செடியின் இலை. நோய், பெண்களுக்கு வரும் சிக்கலற்ற சிறுநீர்ப்பைத் தொற்று. ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் நடந்த சோதனைகளைச் சேர்த்துப் படித்தால், ஒன்றை மட்டும் படித்தவருக்குக் கிடைக்காத ஒரு கதை கிடைக்கிறது.

ஏன் இந்த நோய்

தாவர மருந்துக்கு இதைவிடச் சாதகமான களம் அமையாது. பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வருகிறது. போகும்போது எரிச்சல், அடிக்கடி போகத் தோன்றுவது, அடக்க முடியாமை, அடிவயிற்றில் வலி. பாடாய்ப் படுத்தும், ஆனால் உயிருக்கு ஆபத்து அரிது. கணிசமான பெண்களுக்கு மருந்தே இல்லாமலும் அடங்கிவிடும். இன்னொரு வசதியும் உண்டு. வாயில் போட்ட பொருளைச் சிறுநீரகம் இரத்தத்திலிருந்து பிரித்து, செறிவாக்கி, தொற்று இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நுரையீரலிலோ எலும்பிலோ உள்ள தொற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது.

இங்கேயே ஒரு தாவர மருந்து ஆன்டிபயாடிக்கின் இடத்தைப் பிடிக்கவில்லை என்றால், நிமோனியாவிலும் இரத்தத் தொற்றிலும் பிடிக்கும் என்று நம்ப இடமில்லை.

தேவையும் இருக்கிறது. 2019-ல் மட்டும் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாத் தொற்றுகளே நேரடிக் காரணமாக உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். குடும்ப மருத்துவர் எழுதித்தரும் ஆன்டிபயாடிக்குகளில் சிறுநீர்த் தொற்றுக்கானவை பெரும் பங்கு. தானாக அடங்கக்கூடிய ஒரு நோய்க்கு இத்தனை சீட்டா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை தேடித்தான் அந்தச் சோதனைகளே நடந்தன.

இலையில் இருப்பது

ஊவா உர்சி குளிர்ப் பிரதேசங்களில் தரையோடு படர்ந்து வளரும் செடி. ஆங்கிலத்தில் பேர்பெர்ரி என்பார்கள். ஐரோப்பாவில் நெடுங்காலமாகச் சிறுநீர்க் கோளாறுகளுக்குப் பயன்பட்டு வந்திருக்கிறது. அதன் இலையில் உள்ள முக்கியப் பொருள் ஆர்பூட்டின். ஹைட்ரோகுவினோன் என்ற மூலக்கூறோடு ஒரு குளுக்கோஸ் ஒட்டியிருந்தால் அதுதான் ஆர்பூட்டின். கறுப்பு வெள்ளைப் படங்களைக் கழுவும் திரவத்திலும், தோல் நிறத்தைக் குறைக்கும் களிம்புகளிலும் இருக்கும் அதே ஹைட்ரோகுவினோன்தான். பாக்டீரியாவுக்கு அது நஞ்சு. அளவு மீறினால் நமக்கும் நஞ்சு. அதனால்தான் ஐரோப்பிய மருந்து முகமை இந்த இலையை ஒரு வாரத்துக்கு மேல் சாப்பிட வேண்டாம் என்றும், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. இலை என்றால் பக்கவிளைவு இருக்காது என்ற பேச்சை இந்த இடத்திலேயே முடித்துக்கொள்வோம்.

எதிரே நிறுத்தப்பட்டது ஃபாஸ்ஃபோமைசின். தூளைத் தண்ணீரில் கரைத்து ஒரே ஒரு வேளை, 3 கிராம். பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டத் தொடங்கும் முதல் படியிலேயே அதை நிறுத்திவிடும். இதில் வேடிக்கை, ஃபாஸ்ஃபோமைசினும் இயற்கைப் பொருள்தான். 1969-ல் அதைக் கண்டறிந்தது மண்ணில் வாழும் ஒரு ஸ்ட்ரெப்டோமைசஸ் நுண்ணுயிரிடமிருந்து. பென்சிலின் பூஞ்சையிலிருந்து வந்தது. ஸ்ட்ரெப்டோமைசினும் மண் நுண்ணுயிரின் சரக்கு. ஆகவே போட்டி இயற்கைக்கும் செயற்கைக்கும் நடுவே இல்லை. செடி செய்த பொருளுக்கும் நுண்ணுயிர் செய்த பொருளுக்கும் நடுவே. இந்த வித்தியாசம் பின்னால் முக்கியமாகிறது.

ஜெர்மனியில் நடந்தது

ரெகாட்டா என்ற பெயரில் நடந்த சோதனையின் முடிவுகள் 2021-ல் வெளிவந்தன. 398 பெண்கள், எல்லாரும் குடும்ப மருத்துவரிடம் சிறுநீர்த் தொற்று அறிகுறிகளோடு வந்தவர்கள். குலுக்கல் முறையில் 207 பேருக்கு ஊவா உர்சி, 191 பேருக்கு ஃபாஸ்ஃபோமைசின். இலைச் சாறு 105 மில்லிகிராம் ஆர்பூட்டின் கொண்ட மாத்திரைகளாகத் தரப்பட்டது. வேளைக்கு இரண்டு, நாளைக்கு மூன்று வேளை, ஐந்து நாள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. இலை வாங்கியவர் ஒரு வெற்றுத் தூளையும் கரைத்துக் குடித்தார். ஃபாஸ்ஃபோமைசின் வாங்கியவர் வெற்று மாத்திரைகளையும் விழுங்கினார்.

இரண்டு கேள்விகளைச் சேர்த்தே வைத்திருந்தார்கள். 28 நாட்களில் மொத்தம் எத்தனை முறை ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டிவந்தது? முதல் ஏழு நாட்களில் அறிகுறிகளின் மொத்தச் சுமை எவ்வளவு? இரண்டாவது கேள்வி இருந்ததால்தான் இந்தச் சோதனைக்கு மதிப்பு. முதல் கேள்வியை மட்டும் வைத்து ஒரு மருந்தை வெற்றிபெறச் செய்வது மிக எளிது. ஏன் என்று கீழே வருகிறது.

முதல் கேள்விக்குப் பதில் அருமையாக இருந்தது. இலை வாங்கிய குழுவில் ஆன்டிபயாடிக் பயன்பாடு 63.6 சதவீதம் குறைவு.

இரண்டாவதற்கு அப்படி இல்லை. இலைக் குழுவின் அறிகுறிச் சுமை, ஃபாஸ்ஃபோமைசின் குழுவின் சுமையில் 136.5 சதவீதம். அதாவது ஏழு நாட்களின் எரிச்சலையும் வலியையும் கூட்டிப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல். ‘ஆன்டிபயாடிக்கை விட மோசமில்லை’ என்று சொல்ல முன்கூட்டியே ஓர் எல்லை போட்டிருந்தார்கள். அதற்குள் இலையால் நிற்க முடியவில்லை.

மூன்றாவதாக ஓர் எண் உண்டு. தொற்று மேலேறிச் சிறுநீரகத்தைப் பிடித்தவர்கள் இலைக் குழுவில் 8 பேர், ஃபாஸ்ஃபோமைசின் குழுவில் 2 பேர். எண்ணிக்கை சின்னது. அதை வைத்து மட்டும் சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் என் கண் முதலில் போய் நிற்பது இங்கேதான். சிறுநீர்ப்பைத் தொற்றுள்ள பெண் ஒரு நாள் கூடுதலாக எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம், அது அவர் முடிவு. சிறுநீரகத் தொற்று என்றால் குளிர்காய்ச்சல், இடுப்பு வலி, சில சமயம் மருத்துவமனைப் படுக்கை.

63.6-ஐ எப்படிப் படிப்பது

இந்தச் சோதனையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 63.6-ஐ எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். ‘மூலிகையால் மூன்றில் இரண்டு பங்கு ஆன்டிபயாடிக் மிச்சம்’ என்று தலைப்பும் வந்துவிடும். அந்த எண் எதோடு ஒப்பிட்டு வந்தது என்று பார்க்க வேண்டும். எதிர்க்குழுவில் சேர்ந்த எல்லாருக்கும் முதல் நாளே ஆன்டிபயாடிக் கொடுத்தாகிவிட்டது, சோதனையின் அமைப்பே அது. அப்படி இருக்கும்போது, இந்தப் பக்கம் என்ன கொடுத்தாலும், சும்மா தண்ணீர் கொடுத்தாலும்கூட, ஆன்டிபயாடிக் குறையத்தான் செய்யும். எவ்வளவு குறையும் என்பதுதான் கேள்வி.

இதற்கு ஒரு விடை ஏற்கெனவே கையில் இருந்தது. ஏறத்தாழ அதே ஜெர்மன் குழு, 2015-ல், இதே அமைப்பில் இன்னொரு சோதனையை வெளியிட்டிருந்தது. அதிலும் ஒரு பக்கம் ஃபாஸ்ஃபோமைசின். மறுபக்கம் மூலிகை எதுவும் இல்லை, வெறும் வலி மாத்திரை. 400 மில்லிகிராம் ஐபுப்ரோஃபன், நாளைக்கு மூன்று வேளை, மூன்று நாள். 494 பெண்கள். ஐபுப்ரோஃபன் குழுவில் மூன்றில் இரண்டு பங்குப் பெண்கள் ஆன்டிபயாடிக் இல்லாமலே குணமானார்கள். ஆன்டிபயாடிக் பயன்பாட்டில் குறைவு 66.5 சதவீதம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இலைக்கு 63.6. வலி மாத்திரைக்கு 66.5. ஐபுப்ரோஃபனை யாரும் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தாக எழுதித்தருவதில்லை. வலியையும் வீக்கத்தையும் தணிப்பதுதான் அதன் வேலை. அந்தச் சோதனையிலும் அறிகுறிச் சுமை ஃபாஸ்ஃபோமைசினை விட அதிகம், சிறுநீரகத் தொற்றும் ஐபுப்ரோஃபன் குழுவில் 5 பேர், ஃபாஸ்ஃபோமைசின் குழுவில் ஒருவர் என்று அதே பக்கம் சாய்வு.

இரண்டு தனித்தனிச் சோதனைகளின் எண்களை இப்படிப் பக்கத்தில் வைப்பதில் ஆபத்து உண்டு, வந்த பெண்கள் வேறு, காலம் வேறு. கறாரான ஆய்வாளர் முகம் சுளிப்பார், அது சரிதான். ஆனால் நாடு ஒன்று, எதிரே நின்ற மருந்து ஒன்று, சோதனையின் வடிவமும் ஏறக்குறைய ஒன்று. இத்தனை ஒற்றுமைக்குப் பிறகு எண்ணும் ஒன்றாக வரும்போது சந்தேகம் வருவது இயல்பு. மிச்சப்படுத்தியது இலையா, அல்லது ‘சில நாள் பொறுத்துப் பார்ப்போம்’ என்ற முடிவா?

இங்கிலாந்துச் சோதனை

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழிதான் உண்டு. இலையை வெற்று மாத்திரையோடு ஒப்பிட வேண்டும். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் குழு அதைச் செய்து 2019-லேயே வெளியிட்டிருந்தது. 382 பெண்கள். எல்லாருக்கும் மருத்துவர் ஆன்டிபயாடிக் சீட்டை எழுதிக் கையில் கொடுத்துவிட்டார், ஆனால் உடனே வாங்க வேண்டாம், சில நாள் பார்த்துவிட்டுக் குறையாவிட்டால் வாங்குங்கள் என்றார். இடைப்பட்ட நாட்களுக்குப் பாதிப் பேருக்கு ஊவா உர்சிச் சாறு, 1200 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை. மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. இதற்குக் குறுக்காக இன்னொரு பிரிப்பும் இருந்தது. பாதிப் பேரிடம் ஐபுப்ரோஃபன் சாப்பிடச் சொன்னார்கள், மீதிப் பேரிடம் சொல்லவில்லை. ஒரே சோதனையில் இரண்டு கேள்விகள், கெட்டிக்கார அமைப்பு.

இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை அறிகுறிகளின் கடுமையைப் பார்த்தால், இலைக்கும் வெற்று மாத்திரைக்கும் வித்தியாசம் இல்லை. பிறகு ஆன்டிபயாடிக் சாப்பிட நேர்ந்தவர்கள் இலைக் குழுவில் 39.9 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 47.4 சதவீதம். கொஞ்சம் குறைவுபோலத் தெரிந்தாலும், தற்செயலாக வரக்கூடிய இடைவெளிக்குள்தான் இருக்கிறது. ஐபுப்ரோஃபன் சாப்பிடச் சொன்ன குழுவிலோ 34.9 சதவீதம், சொல்லாத குழுவில் 51.0. அந்த வித்தியாசம் தற்செயல் இல்லை.

இலையின் பக்கம் நின்று வாதாடலாம். இங்கிலாந்துப் பெண்களின் கையில் ஆன்டிபயாடிக் சீட்டு ஏற்கெனவே இருந்தது, அதுவே முடிவைப் பாதித்திருக்கலாம். இரண்டு நாட்டிலும் பயன்படுத்திய சாறு ஒன்றில்லை. வந்தவர்கள் எல்லாருக்கும் பாக்டீரியாத் தொற்றுதான் என்பதற்கும் உறுதியில்லை. இந்த வாதங்களில் கடைசியானது எனக்கு வலுவாகப் படுகிறது. தொற்றே இல்லாதவரிடம் எந்தப் பாக்டீரியா மருந்தும் வேலை காட்டாது. ஆனால் அந்தக் குறை ஜெர்மன் சோதனைக்கும் உண்டு, அங்கே ஃபாஸ்ஃபோமைசின் அதையும் தாண்டி வேலை செய்து காட்டியது.

மூன்று சோதனைகளையும் சேர்த்து என் முடிவு இது: ஆன்டிபயாடிக்கை மிச்சப்படுத்தியது பெரும்பாலும் காத்திருப்பு. இலை அந்தக் காத்திருப்பின் கையில் கொடுத்த பொருள். நோயாளிக்கு ஏதாவது ஒன்றைக் கொடுத்தனுப்பும் வசதி மருத்துவருக்கு முக்கியம், அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். அதற்கு ஹைட்ரோகுவினோன்தான் வேண்டுமா என்பது வேறு விஷயம்.

வேறொரு மூலிகைக் கலவையும் களத்தில் உண்டு. சென்டாரி, லோவேஜ் வேர், ரோஸ்மேரி இலை மூன்றும் சேர்ந்தது. 2018-ல் 659 பெண்களிடம் அதையும் ஃபாஸ்ஃபோமைசினோடு ஒப்பிட்டார்கள். கூடுதல் ஆன்டிபயாடிக் தேவைப்படாதவர்கள் மூலிகைக் குழுவில் 83.5 சதவீதம், ஃபாஸ்ஃபோமைசின் குழுவில் 89.8 சதவீதம். 15 சதவீதப் புள்ளி வரை பின்தங்கினாலும் பரவாயில்லை என்று எல்லை வைத்திருந்ததால் ‘மோசமில்லை’ என்ற முத்திரை கிடைத்தது. 15 என்பது தாராள மனசு. இந்தக் கலவையைத் தயாரிக்கும் நிறுவனமே சோதனைக்குப் பின்னால் இருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அங்கேயும் சிறுநீரகத் தொற்று மூலிகைப் பக்கம்தான் கூடுதல். தனித்தனியே பலவீனமான எண்கள்தான், ஆனால் ஜெர்மன் சோதனைகள் இரண்டும் இதுவும் ஒரே திசையில் கை காட்டும்போது அதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

சிறுநீரில் வந்து சேருவது எவ்வளவு

தட்டில் பாக்டீரியாவைக் கொல்லும் பொருள் உடம்பில் ஏன் தடுமாறுகிறது? கொஞ்சம் கணக்குப் போட்டால் புரியும்.

நாளைக்கு ஆறு மாத்திரை என்றால் 630 மில்லிகிராம் ஆர்பூட்டின். அதன் எடையில் ஹைட்ரோகுவினோனின் பங்கு சுமார் 40 சதவீதம், ஆகவே ஏறக்குறைய 255 மில்லிகிராம். இதில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு நாளைக்குள் சிறுநீரில் வந்துவிடுகிறது, சுமார் 170 மில்லிகிராம். ஒன்றரை லிட்டர் சிறுநீரில் பரப்பினால் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 110 மைக்ரோகிராம். தோராயக் கணக்குதான், ஆனாலும் பார்வைக்கு நல்ல எண்.

சிக்கல் என்னவென்றால், வந்து சேர்வது ஹைட்ரோகுவினோனாக இல்லை. கல்லீரல் அதைச் சும்மா விடுவதில்லை. அந்நியப் பொருள் என்று கண்டுகொண்டு, குளுக்குரோனிக் அமிலத்தையோ சல்பேட்டையோ அதன்மேல் மாட்டி, விஷத்தன்மையைப் பிடுங்கிவிட்டுத்தான் சிறுநீரகத்துக்கு அனுப்புகிறது. சிறுநீரில் இருப்பதில் ஏறக்குறைய முழுவதும் இந்தக் கட்டுண்ட வடிவம். கட்டவிழ்ந்த ஹைட்ரோகுவினோன் மிகச் சொற்பம். இந்தத் தொற்றைப் பெரும்பாலும் உண்டாக்கும் எஷரிக்கியா கோலை பாக்டீரியாவே அந்தக் கட்டுண்ட வடிவத்தை உள்ளே இழுத்து அவிழ்த்துக்கொள்ளும் என்று காட்டும் ஆய்வக வேலை உண்டு. அது உண்மையானால் கிருமி தன் வாயாலேயே விஷத்தைக் கடித்துக்கொள்கிறது என்றாகும். அழகான விளக்கம். நோயாளிகளிடம் கிடைத்த முடிவுகள் அந்த அழகுக்கு ஈடுகொடுக்கவில்லை.

ஃபாஸ்ஃபோமைசினின் பாதை எளிது. 3 கிராமில் சுமார் 38 சதவீதம் சிறுநீரில் வெளியேறுகிறது. எந்த மாற்றமும் இல்லாமல், வேலை செய்யும் வடிவத்திலேயே. இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் சிறுநீரில் சராசரி உச்சம் மில்லிலிட்டருக்கு 706 மைக்ரோகிராம். பெரும்பாலான எஷரிக்கியா கோலையை நிறுத்தத் தேவைப்படுவதைப் போலப் பல மடங்கு. மூன்று நாள் கழித்தும் 10 மைக்ரோகிராம் அளவில் மிச்சம் இருக்கிறது.

இது ஊவா உர்சிக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. தாவரப் பொருட்கள் பாக்டீரியாவைத் தடுக்கப் பொதுவாக மில்லிலிட்டருக்கு 100 முதல் 1000 மைக்ரோகிராம் வரை தேவைப்படுகிறது. நுண்ணுயிர்களிடமிருந்து எடுத்த வழக்கமான ஆன்டிபயாடிக்குகளுக்கு 0.01 முதல் 10 போதும். இரத்தத்தில் 500 மைக்ரோகிராம் செறிவை எட்டுவதற்காக ஒருவர் தின்ன வேண்டிய இலையின் அளவை நினைத்துப் பாருங்கள்.

செடியின் பக்கத்திலிருந்து யோசித்தால் இதில் வியப்பில்லை. அதற்கு இரத்த ஓட்டம் இல்லை. காயம்பட்ட இடத்தில், பூச்சி கடித்த இடத்தில், ஒரு துளிக்குள் விஷத்தைக் குவித்து வைத்தால் அதற்குப் போதும். மேலும் செடி ஒரு பொருளை மட்டும் நம்பியிருப்பதில்லை, பலவற்றைக் கலந்தே விடுகிறது. நாம் அதிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்து, ஐந்து லிட்டர் இரத்தத்தில் கரைத்து, அதே வேலையை எதிர்பார்க்கிறோம். எதிரி பூஞ்சையாகவோ ஒட்டுண்ணியாகவோ இருந்தால் கணக்கு மாறக்கூடும். மலேரியாவுக்கான குயினைனும் ஆர்ட்டெமிசினினும் செடி தந்தவைதான். பாக்டீரியாவுக்கு எதிராக அந்த வரிசையில் வைக்க இதுவரை ஒன்றுகூட வரவில்லை.

பம்பும் அதன் அடைப்பானும்

பல பொருட்களைக் கலந்து விடுகிறது என்றேன். அதற்கு ஒரு தெளிவான சாட்சி 2000-ல் வெளியான ஓர் ஆய்வு. பெர்பெரிஸ் இனச் செடிகளில் பெர்பெரின் என்ற மஞ்சள் பொருள் இருக்கிறது, மரமஞ்சளிலும் இருக்கிறது. பெர்பெரின் பாக்டீரியாவைக் கொல்லும், ஆனால் பலவீனமாக. காரணம், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவின் சவ்வில் நோர்-ஏ என்ற பம்பு இருக்கிறது. உள்ளே வரும் பெர்பெரினை அது வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும். ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்பும் கதை.

கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் ஸ்டெர்மிட்ஸும், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் கிம் லூயிஸும் அந்தச் செடியில் வேறு என்ன இருக்கிறது என்று தேடினார்கள். மெத்தாக்ஸிஹிட்னோகார்பின் என்ற இன்னொரு பொருள் கிடைத்தது. தனியாகப் போட்டால் பாக்டீரியாவுக்கு ஒன்றும் ஆகாது. பெர்பெரினோடு போட்டால் நிலைமை தலைகீழ், ஏனென்றால் அது அந்தப் பம்பை அடைத்துவிடுகிறது. செடி விஷத்தையும் செய்கிறது, விஷம் வெளியேறும் வழியை அடைப்பதையும் செய்கிறது.

வழக்கமான மருந்துத் தேடலில் இந்த இரண்டாவது பொருள் எப்படித் தொலைகிறது என்று பாருங்கள். சாற்றைப் பிரிப்பார்கள், ஒவ்வொரு பகுதியையும் கிருமிமேல் ஊற்றுவார்கள், எது கொல்லவில்லையோ அதைக் கொட்டிவிடுவார்கள். அடைப்பான் எப்போதும் கொட்டப்பட்ட பாத்திரத்தில்தான் இருக்கும். சுத்திகரிக்கச் சுத்திகரிக்க வீரியம் குறைகிறதே என்று பிறகு தலையைச் சொறிவார்கள்.

தாவரப் பொருட்களிடம் நான் அதிகம் எதிர்பார்ப்பது இந்தத் திசையில்தான். ஆன்டிபயாடிக்கின் இடத்தில் உட்கார வேண்டாம், அதன் பக்கத்தில் உட்காரட்டும். ஆனால் பம்பை அடைக்கும் எந்தப் பொருளும் இன்னும் மருந்தாக அங்கீகாரம் பெறவில்லை. எஷரிக்கியா கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவிடம் வேலை இன்னும் கடினம், அதற்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு, உள்ளே வேறு வகைப் பம்புகள். சிறுநீர்த் தொற்றில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இந்த எஷரிக்கியா கோலைதான் என்பதையும் மறக்கக் கூடாது.

பெர்பெரினை நோயாளிகளிடம் சோதித்ததும் உண்டு. வங்கதேசத்தில் 165 ஆண்களிடம் நடந்து 1987-ல் வெளியான சோதனையில், நச்சு சுரக்கும் எஷரிக்கியா கோலையால் வந்த வயிற்றுப்போக்கில், 400 மில்லிகிராம் வாங்கியவர்களில் 42 சதவீதத்தினருக்கு 24 மணி நேரத்துக்குள் நின்றது. வாங்காதவர்களில் 20 சதவீதம். காலராவில் அது டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்குக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. குடலில் செறிவாகத் தங்கும் பொருளுக்குக் குடலில் கொஞ்சம் பலன் என்பது மேலே போட்ட கணக்கோடு ஒத்துப்போகிறது. தோலிலும் அப்படியே. மருந்துக்குக் கட்டுப்படாத ஸ்டஃபைலோகாக்கஸைத் தோலிலிருந்தும் மூக்கிலிருந்தும் அகற்ற டீ ட்ரீ என்ற மரத்தின் இலை எண்ணெயை, முபிரோசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்போடு ஒப்பிட்ட 2004 சோதனையில், மொத்தத்தில் எண்ணெய்க்கு 41 சதவீதம், முபிரோசினுக்கு 49 சதவீதம் என்று இரண்டும் அருகருகே வந்தன. மூக்கில் மட்டும் முபிரோசின் தெளிவாக முந்தியது.

கொல்லாமல் தடுப்பது

சிறுநீர்ப்பைக்குத் திரும்புவோம். அங்கே தாவரங்களுக்குக் கிடைத்த உறுதியான வெற்றி கிரான்பெர்ரிதான், அதுவும் சிகிச்சையில் இல்லை, தடுப்பில். அந்தப் பழத்தில் உள்ள புரோஆந்தோசயனிடின் வகைப் பொருட்கள், பாக்டீரியா தன் மெல்லிய இழைகளால் சிறுநீர்ப்பைச் சுவரைப் பற்றுவதைக் கெடுக்கின்றன. பற்ற முடியாத பாக்டீரியா சிறுநீரோடு போய்விடும். மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2023 மதிப்பாய்வு 50 சோதனைகளைத் தொகுத்தது. அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு அபாயம் 26 சதவீதம் குறைகிறது, குழந்தைகளுக்கு 54 சதவீதம். முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பலன் தெரியவில்லை. இதே காக்ரேன் 2012-ல் பலனே இல்லை என்ற பக்கம் நின்றது. சோதனைகள் கூடக் கூட முடிவு மாறியது, அது நேர்மையான மாற்றம்.

விளக்கம் அழகாக இருப்பதால் மட்டும் மருந்து வேலை செய்துவிடாது என்பதற்கு இதே பாதையில் இன்னொரு உதாரணம் இருக்கிறது. டி-மேனோஸ் என்ற சர்க்கரையும் பாக்டீரியாவின் பிடியைக் கெடுக்கும் என்பதுதான் கோட்பாடு, ஆய்வகத்தில் கெடுக்கவும் செய்கிறது. 2024-ல் வெளியான பிரிட்டன் சோதனையில் 598 பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆறு மாதம் நாள்தோறும் அதை எடுத்துக்கொண்டு பார்த்தார்கள். மறுபடி தொற்று என்று மருத்துவரிடம் போனவர்கள் 51.0 சதவீதம். வெற்றுப் பொருள் வாங்கிய குழுவில் 55.7. பெரிய வித்தியாசம் இல்லை.

யாரிடம் பொறுத்துப் பார்க்கலாம்

ஃபாஸ்ஃபோமைசினோடும் வெற்று மாத்திரையோடும் ஒப்பிட்ட அந்தச் சிறுநீர்த் தொற்றுச் சிகிச்சைச் சோதனைகள் எல்லாமே சிக்கலற்ற தொற்றுள்ள பெண்களிடம் நடந்தவை. கர்ப்பிணிகள், ஆண்கள், குழந்தைகள், சிறுநீரகக் கல் அல்லது சிறுநீர்க்குழாய் பொருத்தியவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கு அந்த எண்கள் எதுவும் பொருந்தாது. அவர்களுக்கு இலையும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம், நேராக மருத்துவர்தான்.

பொருந்துகிறவர்களுக்கு இங்கிலாந்துச் சோதனையின் ஏற்பாடே எனக்கு உகந்ததாகப் படுகிறது. சீட்டு கையில் இருக்கட்டும், வலி மாத்திரை ஒத்துக்கொள்ளும் என்றால் அதைச் சாப்பிடட்டும், சில நாள் பார்க்கலாம். ஜெர்மன் வழிகாட்டுதலும் 2017 முதல் இலேசான அறிகுறி உள்ளவர்களுக்கு ஐபுப்ரோஃபன் வழியை ஏற்கிறது. ஊவா உர்சி வேண்டும் என்று கேட்கும் பெண்ணுக்கு மறுக்க வேண்டியதில்லை, ஒரு வாரத்துக்கு மேல் போகாமல், கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு தரலாம். ஆனால் 63.6 மட்டும் சொல்லித் தரக் கூடாது. எரிச்சல் கூடுதல் நாள் நீடிக்கலாம் என்பதையும், இலை வாங்கிய 207 பேரில் 8 பேருக்குத் தொற்று சிறுநீரகம் வரை போனது என்பதையும் அவரிடம் அப்போதே சொல்லிவிட வேண்டும். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் வலி, வாந்தி. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும், அந்தச் சீட்டு இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. சிறுநீர்ப்பைக்குப் போதுமான ஒரு வேளை ஃபாஸ்ஃபோமைசின் சிறுநீரகத் தொற்றுக்குப் போதாது.